நீல ரத்தம், பச்சை ரத்தம்

கையில் முள் கீறினால் எட்டிப் பார்ப்பது சிவப்பு. ஹீமோகுளோபினில் இருக்கும் இரும்பின் வேலை அது. ஆக்டோபஸின் உடம்பில் ஓடுவதோ நீல ரத்தம். அங்கே ஆக்சிஜனைச் சுமப்பது தாமிரம் கலந்த ஹீமோசயனின். அதைச் சுற்றவிட மூன்று இதயங்கள் வேறு!

ஒடிசா கடலோரத்தில் காணப்படும் குதிரைலாட நண்டுக்கும் நீல ரத்தம்தான். பெயரில்தான் நண்டு; உறவுமுறை என்னவோ சிலந்தி, தேள் பக்கம். பாக்டீரியா புகுந்தால் குதிரைலாட நண்டின் ரத்தம் கூழாக உறைவதை 1956-இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் ஆய்வகத்தில் ஃபிரெட்ரிக் பேங் பதிவு செய்தார். பிறகு ஜாக் லெவினோடு சேர்ந்து அதையே மருந்துப் பரிசோதனையாக மாற்றினார். நண்டின் ரத்தச் சாறோடு கலக்கும் ஊசி மருந்தில் பாக்டீரியா நச்சு இம்மியளவு இருந்தாலும் போதும், சோதனைக் குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் உள்ளே இருப்பது சிந்தாது, கட்டியாக ஒட்டி நிற்கும்.

அதற்கு முன்பெல்லாம் முயலுக்கு மருந்தை ஏற்றிவிட்டு, காய்ச்சல் வருகிறதா என்று மணிக்கணக்கில் பார்த்திருப்பார்கள். முயல் தப்பியது, நண்டு மாட்டிக்கொண்டது! ரத்தம் எடுத்துக் கடலில் திருப்பி விட்டாலும் எல்லாம் பிழைப்பதில்லை. நண்டின் மரபணுவைக் கொண்டு ஆய்வுக்கூடத்திலேயே மாற்றுப் பொருள் தயாரிக்கும் வழியைச் சிங்கப்பூர் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

நியூ கினி தீவில் சில அரணைகளுக்குப் பச்சை ரத்தம். பிலிவெர்டின் என்ற பித்த நிறமி மிகுந்து, எலும்பு வரை பச்சை.

அண்டார்க்டிகாவின் ஐஸ் மீனுக்கு ஹீமோகுளோபினே கிடையாது. அதன் ரத்தத்துக்கு நிறமும் இல்லை.