காந்தம் வைத்தால் கியர் ஏன் ‘டக்’கென்று விழுகிறது?

ரேஸிங் சிமுலேட்டர் ஸ்டீயரிங்கின் பின்னால் விரலுக்கு எட்டும், கியர் மாற்றும் துடுப்புதான் பேடில் ஷிஃப்டர். 1989-இல் ஃபெராரி தன் ஃபார்முலா 1 காரில் கொண்டுவந்த ஏற்பாடு. பல ஸ்டீயரிங்குகளில் துடுப்பைத் திருப்பித் தள்ளுவது ஸ்பிரிங். இழுக்க இழுக்க அதன் எதிர்ப்பு கூடும். கியர் விழுந்த நொடி விரலுக்குச் சரியாகப் பிடிபடாது.

காந்தம் நேர்மாறு. ஒட்டியிருக்கையில் பிடி உச்சத்தில். ஓரிரு மில்லிமீட்டர் விலகினாலே பெருமளவு தளர்ந்துவிடும். விரல் இழுக்க இழுக்க, துடுப்பு சட்டென்று விடுபடும். அந்த ‘டக்’தான் சுகம்!

துடுப்பில் ஒன்று, சட்டத்தில் ஒன்று என இரண்டு சிறு நியோடிமியம் காந்தங்களை எதிரெதிர் துருவம் பார்த்து ஒட்டுங்கள். பிடி அதிகமென்றால் நடுவே மெல்லிய டேப் போதும். வீட்டில் குழந்தை இருந்தால் மிச்சக் காந்தங்களைப் பூட்டி வையுங்கள். இரண்டை விழுங்கினால் அவை குடலையே கவ்விக்கொள்ளும்.