அலங்கார எழுத்துருக்கள் பிறந்த கதை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வேர்டைத் திறந்ததும் முதலில் விளையாடிப் பார்ப்பது எழுத்துருப் பட்டியலில்தான். நானும் விதிவிலக்கல்ல. கல்லூரி இறுதியாண்டில் என் ரெஸ்யூமே முழுவதையும் காமிக் சான்ஸ் எழுத்துருவில் அடித்து எடுத்துக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். தாளைப் பார்த்த அதிகாரி, "பர்த்டே இன்விடேஷனா தம்பி?" என்று சிரித்தார். வேலை கிடைக்கவில்லை. (எழுத்துரு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன்!)

அவர் சிரித்ததில் நியாயம் உண்டு. காமிக் சான்ஸ் பிறந்ததே ஒரு நாய்க்காகத்தான். 1994-ல் மைக்ரோசாஃப்ட் தயாரித்துக்கொண்டிருந்த 'பாப்' என்ற புரோகிராமில், ரோவர் என்னும் கார்ட்டூன் நாய் திரையில் தோன்றிப் புதியவர்களுக்கு வழி சொல்லும். அது பேசுவதைக் காட்டும் பலூனில் இருந்ததோ டைம்ஸ் நியூ ரோமன்! லண்டன் டைம்ஸ் நாளிதழுக்காக உருவான எழுத்தில் நாய் பேசலாமா? அங்கே பணிபுரிந்த வின்சென்ட் கோனேருக்கு அது பொறுக்கவில்லை. தன்னிடம் இருந்த பேட்மேன், வாட்ச்மென் காமிக்ஸ் புத்தகங்களின் கையெழுத்துச் சாயலில் புது எழுத்துகளை மவுஸ் கொண்டு வரைந்தார். வேடிக்கை என்னவென்றால், 'பாப்'பில் அவை இடம்பெறவே இல்லை. டைம்ஸுக்கு அளவெடுத்துச் செய்த பலூன்களில் இந்த எழுத்துகள் அடங்கவில்லை. பிறகு விண்டோஸ் 95 பிளஸ் பேக்கில் ஏறி உலகம் சுற்றின.

பாப்பிரஸ் எழுத்துருவை 1982-ல் வரைந்தவர் கிறிஸ் காஸ்டெல்லோ. அப்போது அவருக்கு வயது 23. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பாப்பிரஸ் தாளில் ஆங்கிலம் எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து, சொரசொரப்பான தாளில் பேனாவால் வரைந்தார். ஓரங்கள் பிசிறடிப்பது அதனால்தான். 2009-ல் வந்த 'அவதார்' படத்தின் தலைப்பு இதை ஒட்டியதே.

ஸ்டென்சில் 1937-ல் ஜெர்ரி பவல் வடிவமைத்தது. சரக்குப் பெட்டிகளின் மேல் தகட்டை வைத்து மை பூசும் எழுத்தின் நகல். இதில் சிறிய எழுத்துகள் கிடையாது. எதைத் தட்டினாலும் கேப்பிடல்தான் வரும். கீபோர்டு கெட்டுவிட்டதோ என்று பயப்படாதீர்கள்.

இவையெல்லாம் தலைப்புக்கு மட்டுமே. 24 பாயிண்ட்டுக்கு மேல் வைத்தால் அழகு. பத்தி பத்தியாக அடித்தால் கண் வலிக்கும்.

இன்னொன்று. உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள எழுத்துரு பிரிண்ட் எடுக்கும் கடையில் இல்லாமல் போகலாம். அப்போது வேர்ட் வேறு எழுத்துருவைப் போட்டுவிடும். வரிகள் இடம் மாறும். எனவே சேவ் செய்யும்போது பி.டி.எஃப். ஆகச் சேவ் செய்து கொண்டு செல்லுங்கள்.