அரசு பஸ்ஸை ஜப்தி செய்ய முடிவது எப்படி?

புறப்படத் தயாராக நிற்கிறது வண்டி. நடத்துநர் விசில் ஊதுவதற்குள் நீதிமன்ற அமீனா வந்து கண்ணாடியில் உத்தரவை ஒட்டுகிறார். பயணிகள் மூட்டை முடிச்சோடு இறங்கி வேறு பஸ் தேடுகிறார்கள்; வண்டி கோர்ட் வளாகத்துக்குப் போகிறது. விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு கொடுக்காததால் அரசு பஸ் ஜப்தி. மாவட்டச் செய்திப் பக்கங்களில் அடிக்கடி பார்ப்பதுதான். அரசின் சொத்தை இப்படிப் பிடித்து வைக்க முடியுமா?

விடை, போக்குவரத்துக் கழகத்தின் முழுப் பெயரின் கடைசியில் ஒட்டியிருக்கும் ‘லிமிடெட்’டில் இருக்கிறது. சட்டத்தின் பார்வையில் அது கம்பெனி வண்டி.

ஒரு காலத்தில் அரசுத் துறையே பஸ் ஓட்டியது. 1972-இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று கழகங்கள் வந்தன. கேரளமும் கர்நாடகமும் 1950-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துக் கழகச் சட்டத்தின் வழியில் போக, தமிழ்நாடு கம்பெனிச் சட்டத்தைப் பிடித்தது. 1997-இல் சாதி மோதல்களை ஒட்டிக் கழகங்களின் இத்தகைய பெயர்கள் நீக்கப்பட்டன. இன்று இருப்பவை எட்டுக் கழகங்கள். பங்குகள் அரசிடம்; டிக்கெட் விலையைச் சொல்வதும் அரசு. 2021 மே மாதம் பெண்களுக்கு இலவசப் பயணம் என்று அறிவித்ததும் அரசுதான். அதற்கு ஈடான தொகையைக் கழகங்களுக்குக் கொடுக்கிறது. வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றுவது போலத் தோன்றும். ஆனால் சட்டப்படி அவை இரண்டு வெவ்வேறு ஆட்களின் பைகள்.

விபத்து நடந்தால் இந்த வேறுபாடு வெளியே தெரியும். தனியார் பஸ் மோதினால் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கட்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவோ, தனி நிதி ஒன்றை வைத்திருந்தால் போதும் என்று அரசுப் போக்குவரத்து நிறுவனங்களுக்குக் காப்பீட்டிலிருந்து விலக்குத் தர இடம் கொடுக்கிறது. ஆக, இழப்பீட்டைக் கழகமே தன் கையிலிருந்து தர வேண்டும். நஷ்டத்தில் ஓடும் கழகம் இழுத்தடிக்கும். குடும்பம் நிறைவேற்று மனு போடும். எதிரே நிற்பது அரசாக இருந்தால், தீர்ப்பை நிறைவேற்ற மூன்று மாதம் பொறுக்க வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம். கம்பெனிக்கு அந்தச் சலுகை கிடையாது. இந்த ஓரிடத்தில் ‘லிமிடெட்’ சாமானியனுக்குக் கைகொடுக்கிறது.

ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் அப்படி இல்லை. காக்கிச் சட்டை போட்டாலும் அவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர். அரசியல் சட்டத்தின் 311-ஆவது பிரிவு தரும் பணிப் பாதுகாப்பு அவர்களுக்கு எட்டாது. சம்பளமும் தொழிற்சங்கங்களோடு பேசிப் போடும் ஒப்பந்தத்தின்படிதான்.

அதற்காகக் கம்பெனி என்ற போர்வைக்குள் புகுந்துகொண்டு அரசு என்ன வேண்டுமானாலும் செய்துவிட முடியாது. மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து, காரணம் சொல்லாமலே ஆளை அனுப்பலாம் என்று ஒரு விதியை வைத்திருந்தது கொல்கத்தாவின் மத்திய உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக் கழகம். அதுவும் கம்பெனிதான். 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாதென்றது. பெயரில் கம்பெனி என்றாலும் அது அரசின் கருவி, சமத்துவம் அதையும் கட்டுப்படுத்தும் என்றது தீர்ப்பு. அதே தர்க்கத்தில்தான் போக்குவரத்துக் கழகத்தின் மீதும் உயர் நீதிமன்றத்தில் ரிட் போட முடிகிறது.

தகவல் உரிமைச் சட்டமும், அரசுக்குச் சொந்தமான கம்பெனியைப் பொது அதிகார அமைப்பாகவே பார்க்கிறது. விபத்து நிதியில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை குடும்பங்களுக்கு இன்னும் பாக்கி என்று பத்து ரூபாய்க் கட்டணத்தில் யாரும் எழுதிக் கேட்கலாம்.