வாக்குறுதி சரி, கணக்கு எங்கே?

ஸ்டூடண்ட் கவுன்சில் சீசன் வந்துட்டா நம்ம போனுக்குத் தூக்கம் போயிடும். கிளாஸ் குரூப், பஸ் ரூட் குரூப், ஹாஸ்டல் குரூப், எதைத் திறந்தாலும் அதே போஸ்டர்கள். மெஸ் சாப்பாடு மாறும், வைஃபை வேகமாகும், அட்டெண்டன்ஸ் பிரச்சினை தீரும், கல்ச்சுரல்ஸ் வேற லெவல்ல இருக்கும். பேரையும் போட்டோவையும் மறைச்சுட்டா எது யாரோட போஸ்டர்னு நின்னவங்களுக்கே தெரியாது.

யாருக்கு ஓட்டுப் போடணும்னு சொல்ல இந்தக் கட்டுரை இல்லை. ஒரு வேட்பாளரோட திட்டத்தை எப்படிப் படிக்கணும்ங்கிறதுதான் விஷயம்.

முதல்ல பார்க்க வேண்டியது, அந்த விஷயத்தை முடிவு பண்ற இடம் எது. அட்டெண்டன்ஸையே எடுத்துக்கோங்க. அண்ணா பல்கலைக்கழகத்தோட இணைந்த கல்லூரிகள்ல 75 சதவீத விதி பல்கலைக்கழக ரெகுலேஷன்ல இருக்கு. அதை நம்ம பிரின்சிபாலே மாத்த முடியாது. அப்புறம் மூணாம் வருஷம் படிக்கிற ஒருத்தர் எப்படி மாத்துவார்? "அட்டெண்டன்ஸ் தளர்வு வாங்கித் தருவேன்"னு சொல்றவர் ஒண்ணு ரெகுலேஷனைப் படிக்கலை, இல்லைன்னா நீங்க படிக்க மாட்டீங்கன்னு நம்புறார். அதே ஆள், "சிம்போசியம் போறவங்களோட ஓ.டி. லெட்டர் எச்.ஓ.டி. மேஜையில ரெண்டு வாரம் கிடக்குது, அதை மூணு நாள்ல முடிக்க ஒரு ரெஜிஸ்டர் வைக்கச் சொல்லிக் கேட்பேன்"னு சொன்னா, அது கல்லூரிக்குள்ளேயே முடியிற வேலை. கேட்க சின்னதா இருக்கும், ஆனா நடக்கும்.

அடுத்தது பணம். மெஸ்ல வாரம் மூணு நாள் முட்டைன்னு ஒரு வாக்குறுதி வருதுன்னு வைங்க. ஒரு பேச்சுக்கு முட்டை 6 ரூபாய், மாசம் 12 நாள், ஹாஸ்டல்ல 300 பேர். ஆளுக்கு 72 ரூபாய், மொத்தம் 21,600 ரூபாய். உங்க ஹாஸ்டல்ல டிவைடிங் சிஸ்டம்னா இந்த 72 ரூபாய் நேரா உங்க பில்லுல ஏறும். வருஷத்துக்கு ஒரே ஃபீஸ், கான்ட்ராக்டர் மெஸ்னா பில் ஏறாது. சாம்பார்ல பருப்பு குறையும். முட்டை வேண்டாம்னு சொல்லலை, தாராளமா கேளுங்க. ஆனா அந்த 21,600 எங்கிருந்து வரும்னு வேட்பாளர் ஒரு வரியாவது எழுதியிருக்கணும். எழுதலைன்னா அது திட்டம் இல்லை, ஆசை.

நம்ம ஊருக்கே உரிய ஒரு உதாரணமும் இருக்கு. பங்குனியில ஏகாம்பரநாதர் உற்சவம், வைகாசியில வரதர் கருட சேவை. ராஜ வீதிப் பக்கம் அன்னைக்கு வண்டி நகராது, காலேஜ் பஸ் சுத்திட்டுத்தான் வரும். டே ஸ்காலர் பாதிப் பேர் முதல் பீரியடுக்கு லேட். அன்னைக்கே இன்டர்னல் டெஸ்ட் வச்சிருந்தா முடிஞ்சது கதை. ஆனா இந்தத் தேதியெல்லாம் திடீர்னு வர்றது கிடையாது, பஞ்சாங்கத்துல முன்னாடியே இருக்கு. செமஸ்டர் தொடங்கும்போதே அந்தத் தேதிகளை அகடமிக் கோஆர்டினேட்டர்கிட்ட கொடுத்து, அன்னைக்கு முதல் பீரியட்ல டெஸ்ட் வேண்டாம்னு கேட்கிறதுக்குச் செலவு ஒரு தாள்தான். எத்தனை போஸ்டர்ல இதைப் பார்த்திருக்கீங்க?

எல்லாமே இவ்வளவு சுலபமா முடியாது. நிறைய கேம்பஸ்ல இருக்கிற நிலைமை இது: லைப்ரரி ராத்திரி எட்டு மணி வரைக்கும் திறந்திருக்கும், பெண்கள் ஹாஸ்டலுக்கு ஆறரைக்குள்ள வந்துடணும். பசங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. கேட்டா "பாதுகாப்பு"ன்னு ஒரே வார்த்தையில பதில் வரும். கேட் தேர்வுக்குப் படிக்கிற ஒரு பொண்ணுக்கு இது தினமும் ஒன்றரை மணி நேர நஷ்டம். இதுக்கு "பெண்களுக்குச் சம உரிமை"ன்னு போஸ்டர் அடிச்சா கைதட்டல் கிடைக்கும், கதவு திறக்காது. யு.ஜி.சி.யின் 2015ஆம் ஆண்டு பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிமுறைகளைப் படிச்ச வேட்பாளர் வேற மாதிரி பேசுவார். மாணவிகளோட பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத பாரபட்சமான விதிகளை ஹாஸ்டல்ல போடக் கூடாதுன்னு அதுலயே இருக்கு. அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து, லைப்ரரியிலிருந்து ஹாஸ்டல் வரைக்கும் எத்தனை லைட் எரியலைன்னு எண்ணி, ரெண்டையும் சேர்த்துக் கொடுத்தா நிர்வாகம் பதில் சொல்லியே ஆகணும். அந்தப் பதில் "முடியாது"ன்னே வரலாம். அப்பவும் அது எழுத்துல வரும், அடுத்த படிக்கு அது உதவும்.

சரி, "எங்க காலேஜ்ல தேர்தலே கிடையாதே, சி.ஆர். யாருன்னு கிளாஸ் அட்வைசர்தானே சொல்றாங்க"ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. நம்ம பக்கம் நிறைய தனியார் பொறியியல் கல்லூரிகள்ல நிலைமை அதுதான். ஆனா இதுக்கும் ஒரு பின்கதை இருக்கு. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம்.லிங்டோ தலைமையிலான குழு 2006 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அந்த செப்டம்பர் 22 அன்னைக்கு, அதன்படி மாணவர் தேர்தல் நடத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. நியமன முறை இடைக்கால ஏற்பாடுதான், ஐந்து வருஷத்துக்குள்ள தேர்தலுக்கு மாறணும்னு அந்தக் குழு சொல்லுச்சு. அந்த ஐந்து வருஷம் எப்பவோ முடிஞ்சு போச்சு.

லிங்டோ விதிகள் கொஞ்சம் கண்டிப்பானவை. நிற்கிற வருஷத்துல அரியர் இருக்கக் கூடாது, 75 சதவீத அட்டெண்டன்ஸ் வேணும் (இங்கேயும் அதேதான்!). செலவு வரம்பு 5,000 ரூபாய். அச்சடிச்ச போஸ்டர் கூடாது, கையால எழுதினதுதான். வேட்புமனுவிலிருந்து முடிவு வரைக்கும் 10 நாளுக்குள்ள முடியணும். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது கடைசியில வர்ற விதி: முடிவு வந்த ரெண்டு வாரத்துக்குள்ள ஒவ்வொரு வேட்பாளரும் தணிக்கை செஞ்ச செலவுக் கணக்கைக் கொடுக்கணும்.

இது ஏதோ டெல்லியில கண்டுபிடிச்சது இல்லை. காஞ்சிபுரத்துல பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல உத்திரமேரூர். அங்க வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கு, 919லயும் 921லயும் வெட்டினவை. குடவோலைன்னு ஸ்கூல்ல ஒரு மார்க் கேள்விக்குப் படிச்சுட்டு மறந்திருப்போம். ஊரை 30 குடும்புகளாப் பிரிச்சாங்க. தகுதியுள்ளவங்க பேரை ஓலையில எழுதிக் குடத்துல போட்டு, விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்க வச்சாங்க. எடுத்த ஓலையை வாங்குறவர் ஐந்து விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கணும், விரலிடுக்குல வேற ஓலை ஒளிச்சு வைக்க முடியாதபடிக்கு. தேர்வான 30 பேர்ல 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கு, 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, 6 பேர் ஏரி வாரியத்துக்கு. பதவிக்காலம் 360 நாள்.

இதைப் பொற்காலம்னு கொண்டாட நான் வரலை. சொந்த நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமண ஆண்களுக்கு மட்டும்தான் அந்தக் குடத்துல இடம். நீங்களும் நானும் அதுல இருந்திருக்க மாட்டோம். ஓட்டும் கிடையாது, குலுக்கல்தான். ஆனா ரெண்டு விஷயம் இன்னைக்கும் உறைக்குது. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம்னு வேலையைப் பிரிச்சுக் கொடுத்தாங்க. "எல்லாத்தையும் நானே பார்த்துக்கிறேன்"னு ஒருத்தர் கிளம்பலை. இன்னொண்ணு, வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமில்ல, அவரோட நெருங்கின சொந்தக்காரங்களும் வர முடியாது! பெரியம்மா பையன், சித்தி பையன் வரைக்கும் வரிசையாச் சொல்லி வெட்டி வச்சிருக்காங்க.

தறி வீட்டுல பிறந்தவங்களுக்கு இது புதுசா இருக்காது. அப்பாவோ அம்மாவோ பட்டு கூட்டுறவு சொசைட்டியில மெம்பரா இருந்தா, பொதுப்பேரவைக் கூட்டத்துல வரவு செலவு வாசிக்கும்போது யார் எழுந்து கேள்வி கேட்பாங்கன்னு அவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. ராத்திரி பூரா கதை வரும்.

நம்ம கவுன்சிலுக்கு வருவோம். போன வருஷம் கல்ச்சுரல்ஸுக்குத் தலைக்கு எவ்வளவு கொடுத்தோம்? ஸ்பான்சர் பணம் எவ்வளவு வந்தது? மேடைக்கும் டிஜேவுக்கும் எவ்வளவு போச்சு? என் கிளாஸ்ல கேட்டேன், ஒருத்தருக்கும் தெரியலை. யாரும் திருடிட்டாங்கன்னு சொல்லலை. கணக்கு வெளியில வந்தா அந்தச் சந்தேகமே வராதுன்னுதான் சொல்றேன்.

நியமன முறை இருக்கிற கல்லூரியிலயும் கேட்க வழி இருக்கு. யு.ஜி.சி.யின் 2023 மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைப்படி, குறைதீர்ப்புக் குழுவுக்கு ஒரு மாணவப் பிரதிநிதியைச் சிறப்பு அழைப்பாளராக் கூப்பிடணும். புகார் போட்டா 15 வேலை நாளுக்குள்ள குழு அறிக்கை தரணும். அதுல திருப்தி இல்லைன்னா ஆம்பட்ஸ்பெர்சன் கிட்ட மேல்முறையீடு போகலாம். பாலியல் புகார்களை விசாரிக்கிற உள் குழுவிலயும், மாணவர் சம்பந்தப்பட்ட புகார்னா, மூணு மாணவர்கள் இருக்கணும். அவங்களை வெளிப்படையான ஜனநாயக முறையில தேர்ந்தெடுக்கணும்னுதான் விதி, நியமிக்கணும்னு இல்லை. உங்க கல்லூரியில அந்த மூணு பேர் யாரு? வெப்சைட்ல தேடிப் பாருங்க.

வேட்பாளர்கள் கிளாஸுக்கு ஓட்டுக் கேட்டு வரும்போது செல்ஃபி எடுத்துக்கிட்டு அனுப்பிடாதீங்க. அஞ்சு நிமிஷம் நிறுத்துங்க. "அண்ணா, இதை யார்கிட்ட கேட்பீங்க? எவ்வளவு ஆகும்? முடியலைன்னா எங்களுக்கு எப்போ சொல்லுவீங்க?" மூணாவது கேள்விக்கு ஒரு தேதி சொன்னா அதைக் கிளாஸ் குரூப்ல அப்படியே டைப் பண்ணி பின் பண்ணி வைங்க. அக்கா நின்னாலும் இதே கேள்விதான்.