10 தொழிலாளர்களுடன் தொடங்கிய பட்டறை!
சீமென்ஸ் கம்பெனி வளர்ந்த கதை

ரெயில் என்ஜின், ஆஸ்பத்திரியில் உடம்பைப் படம் பிடிக்கும் கருவி, தொழிற்சாலை யந்திரங்களை இயக்கும் பெட்டி... இவற்றில் எல்லாம் "சீமென்ஸ்" என்ற பெயரைக் காணலாம்.

இது ஒரு மனிதரின் பெயர். ஜெர்மனியைச் சேர்ந்த வெர்னர் சீமென்ஸ்தான் அவர்.

பெரிய குடும்பம்

வெர்னர் 1816-ம் ஆண்டு பிறந்தார். தந்தை குத்தகை விவசாயி. வீட்டில் மொத்தம் 14 குழந்தைகள். மேல்படிப்புக்குப் பணம் இல்லை.

ஆகவே அவர் பட்டாளத்தில் சேர்ந்தார். சண்டை போடும் ஆசையால் அல்ல. பட்டாளத்துப் பள்ளியில் கணக்கும் விஞ்ஞானமும் படிக்கலாம் என்பதுதான் காரணம்!

சிறையில் சோதனை

இரு அதிகாரிகள் ஒண்டிக்கு ஒண்டி ஆயுதச் சண்டை போட்டனர். அதற்குத் துணை நின்றதற்காக வெர்னர் சிறையில் அடைக்கப்பட்டார்.

அங்கும் அவர் சும்மா இருக்கவில்லை. ரசாயனப் பொருள்களை வரவழைத்துச் சோதனை செய்தார். மின்சாரத்தால் தங்க முலாம் பூசும் வழியைக் கண்டுபிடித்தார்.

திடீரென்று விடுதலை உத்தரவு வந்தது. சோதனையை முடிக்க இன்னும் சில நாள் சிறையிலேயே இருக்க அனுமதி கேட்டாராம்! இதை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

கொல்லைப்புறப் பட்டறை

1847-ம் ஆண்டு, ஹால்ஸ்கே என்ற கைதேர்ந்த மெக்கானிக்குடன் கூட்டுச் சேர்ந்தார். உறவினர் ஒருவர் கடன் கொடுத்தார். பெர்லின் நகரில், ஒரு வீட்டின் பின்புறத்தில் பட்டறை தொடங்கியது. தொழிலாளர்கள் 10 பேர்.

அவர்கள் செய்தது தந்திக் கருவி. அதில் ஒரு முள் சுழன்று, ஒவ்வோர் எழுத்தாகச் சுட்டிக் காட்டும். தந்திக் குறிகள் தெரியாதவரும் செய்தியைப் படிக்கலாம்.

28 நிமிடம்!

1870-ம் ஆண்டு லண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே தந்தித் தொடர்பு திறக்கப்பட்டது. நீளம் சுமார் 11 ஆயிரம் கிலோ மீட்டர். ஜெர்மனி, ரஷியா, பாரசீகம் வழியாகக் கம்பி சென்றது. தெஹ்ரான் வரை உள்ள பாதையை அமைத்தவர்கள் சீமென்ஸ் சகோதரர்கள்.

கடிதமாக இருந்தால் கப்பலில் வாரக்கணக்கில் போக வேண்டும். இந்தச் செய்தி கல்கத்தாவை அடைய ஆன நேரம் 28 நிமிடம்!

டைனமோ

காந்தத்துக்கு நடுவே கம்பிச் சுருளைச் சுழற்றினால் மின்சாரம் உண்டாகும். ஆனால் சாதாரணக் காந்தத்தின் பலம் போதவில்லை.

1866-ல் வெர்னர் ஒரு யுக்தி செய்தார். உண்டான மின்சாரத்தையே காந்தத்தைச் சுற்றியுள்ள கம்பியில் செலுத்தினார். காந்தம் வலுத்தது. வலுத்த காந்தம் இன்னும் அதிக மின்சாரம் தந்தது! அதே காலத்தில் இங்கிலாந்திலும் சிலர் இந்த வழியைக் கண்டனர்.

1879-ல் பெர்லின் பொருட்காட்சியில் அவருடைய மின்சார ரெயில் ஓடியது. புகை இல்லை, நிலக்கரி இல்லை. 300 மீட்டர் பாதைதான். நான்கு மாதங்களில் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஏறி மகிழ்ந்தனர்.

அழியாத கறை

தொழிலாளர்களுக்கு 1872-லேயே பென்ஷன் நிதி ஏற்படுத்திய கம்பெனி இது. வெர்னர் 1892-ல் காலமானார்.

பின்னர் ஹிட்லர் ஆட்சி வந்தது. 1940 முதல் 1945 வரை குறைந்தது 80 ஆயிரம் பேர் இந்தக் கம்பெனியில் கட்டாய வேலை செய்தனர். ராவன்ஸ்பிரூக் பெண்கள் சிறை முகாமின் பக்கத்திலேயே தொழிற்கூடம் அமைத்தார்கள். கைதிப் பெண்கள் அங்கே வேலை வாங்கப்பட்டனர்.

1998-ல் கம்பெனி ஓர் உதவி நிதி அமைத்தது. அதற்குள் அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. அந்த உதவியைக் காணாமலே கண்ணை மூடியவர்கள் பலர்.

இன்னொரு கறையும் உண்டு. பல நாடுகளில் கான்டிராக்ட் பிடிக்க லஞ்சம் கொடுத்தது 2006-ல் அம்பலமாயிற்று. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலுமாகக் கட்டிய தொகை சுமார் 160 கோடி டாலர்! மேலதிகாரிகள் பலர் பதவி இழந்தனர்.

இன்று

இன்று இதில் சுமார் 3 லட்சம் பேர் வேலை செய்கிறார்கள். மின் நிலையப் பிரிவு 2020-ல் தனிக் கம்பெனியாகப் பிரிந்தது.

ஆம்பெர்க் நகரில் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. மற்றத் தொழிற்சாலைகளின் யந்திரங்களை இயக்கும் பெட்டிகள் அங்கே தயாராகின்றன. அவற்றைச் செய்யும் யந்திரங்களை இயக்குவதும் அதே பெட்டிகள்தான்!

யந்திரத்துக்கு நல்லது கெட்டது தெரியாது. அது மனிதருக்குத்தான் தெரிய வேண்டும். 10 பேரின் உழைப்பால் எழுந்த பெயரைக் கெடுத்தது யந்திரம் அல்ல. அதை மறந்த மனிதர்களே.