ஏஜென்ட் திருப்பித் தரும் கமிஷனுக்கு வரி உண்டா?

அமெரிக்காவில் 5,00,000 டாலருக்கு ஒரு வீடு வாங்குகிறீர்கள். உங்கள் தரப்பு ஏஜென்ட்டுக்குக் கமிஷன் இரண்டரை சதவீதம், அதாவது 12,500 டாலர். "அதில் 5,000 உங்களுக்கே தந்துவிடுகிறேன்" என்கிறார் அவர். வாடிக்கையாளரைப் பிடிக்க அங்கே பல ஏஜென்ட்டுகள் தரும் 'ரிபேட்' இது. சரி, அந்த 5,000 டாலரை வருமானமாகக் காட்டி வரி கட்ட வேண்டுமா?

வேண்டாம் என்கிறது வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். வீடு வாங்கியவருக்கு ஏஜென்ட் தரும் ரிபேட் வருமானம் அல்ல, வீட்டு விலையில் கிடைத்த கழிவு என்று 2007இல் அது ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் தந்தது. அதற்காக ஏஜென்ட், கொடுத்த பணத்தைத் துறைக்குத் தெரிவிக்கும் 1099 படிவம் அனுப்பவும் தேவையில்லை. இத்தகைய பதில் கேட்டவருக்கு மட்டுமே பொருந்தும், மற்றவர்கள் முன்னுதாரணமாகக் காட்ட முடியாது. ஆனாலும் துறையின் பார்வை எது என்பது அதில் தெளிவு.

வருமானத்தில் சேராத அந்தத் தொகை வீட்டின் அடக்கவிலையில் கழிகிறது. கணக்குப்படி உங்கள் வீடு இப்போது 4,95,000 டாலர். பின்னாளில் 6,50,000க்கு விற்றால் லாபம் 1,50,000 அல்ல, 1,55,000. விற்பதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் இரண்டு ஆண்டாவது சொந்தமாக வைத்துக் குடியிருந்தவருக்குப் பொதுவாக 2,50,000 டாலர் வரை லாபத்துக்கு வரி இல்லை. சேர்ந்து கணக்குக் காட்டும் தம்பதிக்கு வரம்பு 5,00,000. ஆகவே பலருக்கு ரிபேட்டுக்கான வரி கடைசிவரை வருவதே இல்லை. வாடகைக்கு விடவே வாங்கியவர் கதை வேறு. அவர் ஆண்டுதோறும் கழிக்கும் தேய்மானமும் குறைந்த அடக்கவிலையில்தான் கணக்காகும். விற்கும்போது இந்த விலக்கும் கிடையாது.

இந்தச் சலுகை வீடு வாங்குபவருக்குத்தான். வாடிக்கையாளரைக் கூட்டிவந்த நண்பருக்கு ஏஜென்ட் பணம் கொடுத்தால் அது நண்பரின் வருமானம். கான்சஸ், அலாஸ்கா, லூசியானா போன்ற சில மாநிலங்களில் ரிபேட்டுக்கே சட்டம் தடை போடுகிறது.

ரிபேட்டைக் கடன் தரும் வங்கிக்குத் தெரியாமல் கைமாற்றுவது மோசடியில் முடியலாம். பத்திரம் முடியும் நாளில் தரும் இறுதிக் கணக்குத் தாளில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டை விற்கும்வரை அந்தத் தாளைத் தொலைக்காதீர்கள். அடக்கவிலைக்கு ஆதாரம் அதுதான்.