ஷட் டவுன் செய்யும் முன்: உள்ளே இன்னொரு கம்ப்யூட்டர் ஓடுகிறதா?

கம்ப்யூட்டர் வாங்கிய அன்றே நமக்குச் சொல்லித் தரப்படும் முதல் பாடம் இது: "சுவிட்சை நேராக ஆப் செய்யக் கூடாது. ஷட் டவுன் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும்." பெயின்ட் கடை வைத்திருக்கும் என் மாமா இதைத் தவறாமல் கடைப்பிடிப்பவர். ஆனாலும் ஒரு நாள் காலையில் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டபோது, டேட்டா பைல் கெட்டுவிட்டது என்று சொல்லி பில் போடும் புரோகிராம் நின்றுவிட்டது.

"நான் ஒழுங்காத்தானே ஷட் டவுன் பண்ணினேன் மாப்ளே?" என்று போனில் கேட்டார். அவர் சொன்னது உண்மைதான். தவறு என்னுடையது. அந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான். பில் புரோகிராம் விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பதால், லினக்ஸுக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷின் அமைத்து, அதில் விண்டோஸைப் போட்டுக் கொடுத்தவனும் நான்தான். மாமா மூடியது லினக்ஸை. உள்ளே ஓடிக் கொண்டிருந்த விண்டோஸ் சரியாக மூடப்படவில்லை.

பென் டிரைவில் இருந்த பேக்கப் மூன்று நாள் பழையது. கம்பியில் குத்தி வைத்திருந்த பில் நகல்களை அத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்க, நான் இரவு 11 மணி வரை உட்கார்ந்து டைப் செய்தேன். நீங்கள் அப்படி உட்கார வேண்டாம் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

விர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன?

ஒரு கம்ப்யூட்டருக்குள் சாப்ட்வேர் மூலம் உருவாக்கப்படும் இன்னொரு கம்ப்யூட்டர்தான் விர்ச்சுவல் மெஷின். உங்கள் மேஜையில் உள்ள நிஜக் கம்ப்யூட்டரை ஹோஸ்ட் என்பார்கள். உள்ளே ஓடுவது கெஸ்ட். கெஸ்ட்டின் ஹார்ட் டிஸ்க் என்பது ஹோஸ்ட்டில் உள்ள ஒரு பெரிய பைல். ஹோஸ்ட்டின் ராமில் ஒரு பகுதியே கெஸ்ட்டின் ராம்.

லினக்ஸில் இதற்கு இரண்டு வழிகள் பரவலாகப் பயன்படுகின்றன. ஒன்று விர்ச்சுவல்பாக்ஸ். இது 2007 ஜனவரியில் ஓப்பன் சோர்ஸாக வெளியானது. இப்போது ஆரக்கிள் நிறுவனத்திடம் உள்ளது. இன்னொன்று கேவிஎம். இது 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20 லினக்ஸ் கெர்னலில் இருந்து லினக்ஸுடனேயே சேர்ந்து வருகிறது. இதை மவுஸால் இயக்க விர்ட்-மேனேஜர் என்ற புரோகிராம் உள்ளது. இரண்டும் இலவசம்.

ஹோஸ்ட்டை மூடினால் கெஸ்ட்டுக்கு என்ன ஆகும்?

ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். கீழே வீட்டுக்காரர், மாடியில் குடித்தனக்காரர். வீட்டுக்காரர் தன் வேலையெல்லாம் முடித்துவிட்டு, நிதானமாக மெயின் சுவிட்சை அணைக்கிறார். அவரைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்கு. மாடியில் சமைத்துக் கொண்டிருப்பவருக்கோ திடீர் இருட்டு!

லினக்ஸ் மூடும்போது, ஓடிக் கொண்டிருக்கும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் "முடித்துக்கொள்" என்று முதலில் தகவல் அனுப்பும். சிறிது நேரம் காத்திருக்கும். பொதுவாக இது 90 விநாடி வரை. சில லினக்ஸ்களில் இன்னும் குறைவு. அதற்குள் முடிக்காத புரோகிராம் கட்டாயமாக நிறுத்தப்படும். ஹோஸ்ட்டின் பார்வையில் கெஸ்ட்டும் ஒரு புரோகிராம்தான். அதற்குள் ஒரு விண்டோஸ் இருக்கிறது, அதில் ஒரு பில் பாதியில் நிற்கிறது என்பதெல்லாம் லினக்ஸுக்குத் தெரியாது.

நீங்கள் சேவ் கொடுத்தவுடன் டேட்டா ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்விடுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். வேகத்துக்காக அது சிறிது நேரம் ராமில் காத்திருக்கும். கெஸ்ட் திடீரென நின்றால் காத்திருந்த டேட்டா போய்விடும். விண்டோஸின் என்டிஎப்எஸ், லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஆகியவை பைல்கள் அடுக்கப்பட்டிருக்கும் அமைப்பைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடும். ஆனால் பாதி எழுதப்பட்ட கணக்கு பைலின் உள்ளடக்கத்தை அவற்றால் சரி செய்ய முடியாது.

நிறுத்துவதற்கு மூன்று வழிகள்

எந்த சாப்ட்வேர் என்றாலும் கெஸ்ட்டை நிறுத்த மூன்று வழிகள் இருக்கும்.

1. ஷட் டவுன் சிக்னல்: கம்ப்யூட்டரின் பவர் பட்டனை ஒரு முறை அழுத்துவதைப் போன்றது. இது ஒரு வேண்டுகோள்தான். கெஸ்ட் கேட்டால் ஒழுங்காக மூடும்.

2. நிலையைச் சேவ் செய்தல்: கெஸ்ட்டின் ராமில் உள்ளதை அப்படியே டிஸ்க்கில் எழுதிவிட்டு நிறுத்துவது. அடுத்த முறை திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இதற்குக் கெஸ்ட்டின் சம்மதம் தேவையில்லை. கெஸ்ட் 2 ஜிபி ராமைப் பயன்படுத்துகிறது, டிஸ்க் விநாடிக்கு 100 எம்பி எழுதும் என்றால் சுமார் 20 விநாடி ஆகும். அந்த அளவு காலி இடமும் வேண்டும்.

3. பவர் ஆப்: பிளக்கைப் பிடுங்குவதற்குச் சமம். விர்ட்-மேனேஜரில் இதற்குப் பெயர் போர்ஸ் ஆப். கெஸ்ட் முற்றிலும் உறைந்து போனால் மட்டும் பயன்படுத்துங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

மெஷினின் விண்டோவை மூடும்போது இந்த மூன்றும் ஒரு சிறு பெட்டியில் வரிசையாகக் கேட்கப்படும். முதலில் இருப்பது நிலையைச் சேவ் செய்வது, இரண்டாவது ஷட் டவுன் சிக்னல், மூன்றாவது பவர் ஆப். அவசரத்தில் மூன்றாவதைக் கிளிக் செய்துவிடாதீர்கள். லினக்ஸை மூடும் முன் இந்தப் பெட்டியில் முதலாவதையோ இரண்டாவதையோ தேர்ந்தெடுப்பதுதான் பாதுகாப்பு.

மறந்துவிட்டால்? இடிசி போல்டரில் உள்ள டிபால்ட் போல்டரில் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற பைல் இருக்கும். அதில் ஷட்டவுன்_யூசர்ஸ் என்ற வரியில் உங்கள் யூசர் பெயரையும், ஷட்டவுன் என்ற வரியில் சேவ்ஸ்டேட் அல்லது ஏசிபிஐபட்டன் என்ற மதிப்பையும் கொடுக்கலாம். ஆனால் திரையில் திறந்திருக்கும் மெஷின், உங்கள் லாக்-இன் முடியும்போதே நின்றுவிட வாய்ப்பு உண்டு. எனவே இதை இரண்டாவது காவலாக மட்டும் வைத்துக் கொள்ளுங்கள்.

கேவிஎம் வைத்திருப்பவர்களுக்கு

இங்கே வசதி அதிகம். லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் என்ற ஒரு சர்வீஸ் உள்ளது. லினக்ஸ் மூடத் தொடங்கியதும் இது முந்திக்கொண்டு ஒவ்வொரு கெஸ்ட்டையும் நிறுத்தும். அதுவரை ஹோஸ்ட்டைக் காக்க வைக்கும். இதை அமைக்கும் முறை இதோ. கமாண்டுகளை டெர்மினலில் ஆங்கில எழுத்துகளில் டைப் செய்யவும்.

1. சூடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் என்று கொடுத்து என்டர் தட்டவும். லிப்விர்ட் என்பதை எல்-ஐ-பி-வி-ஐ-ஆர்-டி என்று டைப் செய்யவும். --நவ் முக்கியம். அப்போதுதான் சர்வீஸ் உடனே தொடங்கும். தொடங்காத சர்வீஸ், ஷட் டவுன் நேரத்தில் எந்த வேலையும் செய்யாது.

2. உபுண்டு, டெபியனில் இடிசி, டிபால்ட் போல்டருக்குள் லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் என்ற பைலை சூடோ கொடுத்து எடிட்டரில் திறக்கவும். பெடோராவில் டிபால்ட்டுக்குப் பதில் சிஸ்கான்பிக் போல்டர்.

3. ஆன்_ஷட்டவுன் என்ற வரியைத் தேடவும். வரியின் முன்னால் # குறி இருந்தால் நீக்கவும். மதிப்பாக ஷட்டவுன் என்று கொடுத்தால் சிக்னல் அனுப்பும். சஸ்பெண்ட் என்று கொடுத்தால் நிலையைச் சேவ் செய்யும்.

4. ஷட்டவுன்_டைம்அவுட் என்ற வரியில் எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்று கொடுக்கவும். 300 என்றால் 5 நிமிடம். 0 கொடுக்காதீர்கள். 0 என்றால் கெடுவே இல்லை. கெஸ்ட் மூடாவிட்டால் ஹோஸ்ட்டும் மூடாது.

5. பேரலல்_ஷட்டவுன் என்ற வரியில் 0 இருந்தால் கெஸ்ட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக மூடப்படும். 3 என்று கொடுத்தால் ஒரே நேரத்தில் மூன்று மூடப்படும்.

6. ஆன்_பூட் என்ற வரியில் ஸ்டார்ட் என்று இருந்தால், மூடும்போது ஓடிக் கொண்டிருந்த கெஸ்ட்டுகள் மறுநாள் தானாகவே தொடங்கும்.

ஓர் எச்சரிக்கை. பைலை மாற்றிய பிறகு இந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். செய்தால் ஓடிக் கொண்டிருக்கும் கெஸ்ட்டுகள் அப்போதே நிறுத்தப்படும். சேவ் செய்தால் போதும். மூடும் நேரத்தில் சர்வீஸ் பைலைப் படித்துக்கொள்ளும்.

க்னோம் பாக்ஸஸ் பயன்படுத்துபவர்கள் கவனிக்க: அதன் மெஷின்கள் உங்கள் யூசர் கணக்கின் கீழ் தனியாக ஓடுபவை. இந்த சர்வீஸ் அவற்றைத் தொடாது. கையால்தான் மூட வேண்டும்.

கெஸ்ட் பேச்சைக் கேட்காவிட்டால்?

மாமாவின் கம்ப்யூட்டரில் நடந்ததே இதுதான். அதில் சர்வீஸ் ஓடிக் கொண்டுதான் இருந்தது. ஷட்டவுன் என்றுதான் கொடுத்திருந்தேன். பிறகு எங்கே கோளாறு?

மெஷினை என் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்து, ஒரு பில்லைப் பாதியில் விட்டுவிட்டு, ஷட் டவுன் சிக்னல் அனுப்பிப் பார்த்தேன். விண்டோஸ் மூடத் தொடங்கியது. உடனே பில் புரோகிராம் "சேவ் செய்யவா? ஆம், இல்லை" என்று ஒரு பெட்டியைக் காட்டியபடி நின்றுவிட்டது! பதில் சொல்ல யாரும் இல்லை. கடையில் அந்த நேரம் மாமா ஷட்டரை இழுத்துக் கொண்டிருந்திருப்பார். கெடு முடிந்தது, லினக்ஸ் மூடிக்கொண்டது, விண்டோஸ் இருட்டில் நின்றது.

இதற்கு நான் செய்த மாற்றம் ஒரே ஒரு சொல். ஷட்டவுன் என்று இருந்ததை சஸ்பெண்ட் என்று மாற்றினேன். இப்போது மாமா மறந்தாலும், பாதி பில்லோடு மெஷின் அப்படியே சேவ் ஆகி, காலையில் அதே பில்லோடு திறக்கிறது. ஆனால் நிலையைச் சேவ் செய்வது முழு ஷட் டவுன் ஆகாது. விண்டோஸின் கடிகாரம் திறந்தவுடன் பின்தங்கியிருக்கலாம். பில்லில் தேதி சரியா என்று பாருங்கள். சேவ் ஆன நிலையில் டிஸ்க் பைலை மட்டும் காப்பி எடுத்து பேக்கப் என்று வைக்காதீர்கள். அதில் பாதி விஷயம் இருக்காது. வாரம் ஒரு முறை விண்டோஸை உள்ளிருந்தே முழுமையாக மூடிவிட்டு பேக்கப் எடுங்கள்.

ஷட்டவுன் முறையையே விரும்பினால், விண்டோஸில் கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் சென்று, பவர் பட்டனை அழுத்தினால் ஷட் டவுன் ஆகும்படி அமைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லீப் என்றோ எதுவும் செய்யாதே என்றோ இருந்தால் சிக்னல் வீண்தான்.

கரண்ட் போனால்?

இந்த ஏற்பாடெல்லாம் ஹோஸ்ட் ஒழுங்காக மூடினால்தான் பயன்படும். கரண்ட் போய் யுபிஎஸ் பேட்டரியும் தீர்ந்தால் ஹோஸ்ட்டும் கெஸ்ட்டும் சேர்ந்தே விழும். யுஎஸ்பி கேபிள் உள்ள யுபிஎஸ் என்றால், நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் என்ற இலவச சாப்ட்வேரைப் போட்டு, பேட்டரி குறைந்ததும் லினக்ஸைத் தானாக மூடச் செய்யலாம். கேபிள் இல்லாத மாடல் என்றால் பீப் சத்தம் கேட்டதும் நீங்களே மூட வேண்டும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். மூன்று கெஸ்ட், ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடக் கெடு, ஒன்றன் பின் ஒன்றாக மூடுகிறது என்றால் மோசமான நிலையில் 15 நிமிடம் ஆகும். உங்கள் யுபிஎஸ் 10 நிமிடம்தான் தாங்கும் என்றால் கடைசிக் கெஸ்ட்டுக்கு ஆபத்து. கெடுவைக் குறையுங்கள், அல்லது மூன்றையும் ஒரே நேரத்தில் மூடும்படி அமையுங்கள்.

சோதித்துப் பார்த்துவிடுங்கள்

முதலில் பேக்கப் எடுங்கள். கெஸ்ட்டில் சாதாரணமாகத் திறந்து வைக்கும் புரோகிராம்களைத் திறந்து வைத்துவிட்டு, ஹோஸ்ட்டை ஷட் டவுன் செய்யுங்கள். மீண்டும் தொடங்கியதும் விண்டோஸில் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் பகுதியில் பாருங்கள். 6006 என்ற எண் இருந்தால் ஒழுங்காக மூடியது. 6008 என்ற எண்ணோ, கெர்னல்-பவர் 41 என்றோ இருந்தால் பிளக் பிடுங்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். சஸ்பெண்ட் முறையில் இவை எதுவும் புதிதாக வராது. விட்ட இடத்திலிருந்து திரை தொடர்ந்தால் சரி.

எவ்வளவு அமைத்தாலும், உள்ளே இருப்பதை முதலில் மூடிவிட்டு வெளியே வருவதே சிறந்த பழக்கம். மாமாவின் மானிட்டர் ஓரத்தில் அத்தை ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்: "முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ், கடைசியில் ஷட்டர்." நீங்களும் ஒன்று ஒட்டிக் கொள்ளுங்கள்!